கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் விண்ணைப் படித்தல்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட இரவுகளை இந்நாட்டு மக்கள் எவரும் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியில் அமைந்துள்ள கெலிஓயா நகரமும் அவ்விரவுகளில் முழு இருளில் மூழ்கிக் கிடந்தது. கடைகளின் விளக்குகள் இல்லை; வீதி விளக்குகள் இல்லை. புழுக்கம் தாங்காது வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்திருந்த வேளையில், உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவன் வானத்தை நோக்கியவாறு கேட்டான்: "மாமா, இவ்வளவு நட்சத்திரமும் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?"

அவை அங்கேயேதான் இருந்தன. நமது விளக்குகளின் வெளிச்சம் அவற்றை மறைத்திருந்தது, அவ்வளவே. ஆயினும் அச்சிறுவனின் கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. உலகிலுள்ள விளக்குகள் யாவும் அணைந்தாலும், விண்ணில் உள்ளவற்றுள் மிகச் சிறிய பகுதி மாத்திரமே மனிதக் கண்ணுக்குப் புலப்படும். எஞ்சிய பெரும் பகுதியை வானியலாளர்கள் எவ்வாறு கண்டறிகின்றார்கள் என்பதையும், அந்தத் தேடலில் நமது அயலுக்கும் நமக்கும் உள்ள பங்கு என்ன என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளி என்பது ஓர் அலை. அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையான தூரமே அலைநீளம் எனப்படுகின்றது. இச்சொல் நம்மில் மூத்த தலைமுறையினருக்குப் புதியதன்று. "சிற்றலை 31 மீற்றர்", "25 மீற்றர்" என்று வானொலி அறிவிப்பாளர்கள் கூறக் கேட்டு, பெட்டியின் முள்ளைத் திருகித் திருகி நிலையம் பிடித்தவர்கள் அவர்கள். அந்த மீற்றர் கணக்கு வானொலி அலையின் நீளத்தையே குறித்தது. நாம் கண்ணால் காணும் ஒளியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அலைதான். அலைநீளம் மாத்திரமே வேறுபடுகின்றது. ஊதா நிற ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நனோமீற்றர்; சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 700 நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இந்த 400க்கும் 700க்கும் இடைப்பட்ட சிறு துண்டே நமது கண்ணின் உலகம். அதற்கு அப்பால், சிவப்பிலும் நீண்ட அலைகளாகச் செங்கீழ்க் கதிர்களும் அவற்றையடுத்து வானொலி அலைகளும் உள்ளன. ஊதாவிலும் குறுகியவையாகக் கழியூதாக் கதிர்களும், எக்ஸ் கதிர்களும், காமாக் கதிர்களும் உள்ளன. முள் ஒரே நிலையத்தில் இறுகிப்போன வானொலிப் பெட்டியை வைத்திருப்பவர், உலகில் ஒரே ஒரு நிலையமே உண்டு என்று எண்ணக்கூடும். வெறுங்கண்ணை மாத்திரம் நம்பியிருந்த காலம் வரை மனிதகுலத்தின் நிலையும் அவ்வாறே இருந்தது.

பார்வை என்பது யாது என்ற வினாவைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்த முன்னோடி, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் ஆவார். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய 'கிதாப் அல் மனாழிர்' என்னும் நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என நிறுவியது. அவ்வாறாயின், கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் பொருள்களிலிருந்து வரலாம் அல்லவா? அதற்கான விடை கிடைக்க மேலும் எட்டு நூற்றாண்டுகள் சென்றன. 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியினூடாக நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கு வெப்பம் உயர்ந்தது. செங்கீழ்க் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது இவ்வாறே. அடுத்த ஆண்டே ஜேர்மனியரான ரிட்டர் கழியூதாக் கதிரைக் கண்டறிந்தார்.

எந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் ஒளிரும் என்பதைப் பெரும்பாலும் அதன் வெப்பநிலையே தீர்மானிக்கின்றது. கொல்லனின் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, மேலும் சூடேற வெண்ணிறம் அடைகின்றது. சூடு ஏற ஏற அலைநீளம் குறுகும் என்பதே இதன் பொருள். நமது உடலும் ஒளிர்கின்றது. ஆனால் செங்கீழ்க் கதிரில். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நமது நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானி, அந்தக் கதிரைத்தான் அளந்தது. அதே விதி விண்ணிலும் செல்லுபடியாகும். குளிர்ந்த தூசி முகில்கள் செங்கீழ்க் கதிரிலும், மிகச் சூடான இளம் விண்மீன்கள் கழியூதாவிலும், கருந்துளையில் வீழ்ந்து பல மில்லியன் பாகை வரை சூடேறும் வாயு எக்ஸ் கதிரிலும் ஒளிர்கின்றன. காந்தப்புலத்தில் சுழலும் இலத்திரன்களும் குளிர்ந்த ஐதரசன் வாயுவும் வானொலி அலைகளை வெளியிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அலைநீளமும் விண்ணின் வெவ்வேறு செய்தியைச் சுமந்து வருகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள, அந்த மின்வெட்டு இரவுகளில் மேற்கு வானில் தெளிவாகத் தெரிந்த ஒரு விண்மீனையே எடுத்துக்கொள்வோம். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. தமிழர்களுக்கு இது நாட்காட்டியில் பழகிய பெயர். மேலைநாட்டார் இதனை 'பீட்டல்ஜூஸ்' என்பர். அப்பெயர் 'யத் அல் ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை, என்ற அரபுத் தொடரின் திரிபாகும். அவ்வாறே தமிழில் ரோகிணி எனப்படும் விண்மீன், 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் அல் தபரான் என்ற அரபுப் பெயராலேயே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. தமிழும் அரபும் ஒரே வானத்தை வாசித்த மொழிகள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

திருவாதிரை மிகப் பெரியது. அதனைச் சூரியனின் இடத்தில் வைத்தால், செவ்வாயின் பாதையையும் தன்னுள் அடக்கிவிடும். அதன் தூரம் 550 முதல் 700 ஒளியாண்டுகள் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்படுகின்றது. ஆகவே இன்று நம் கண்ணை அடையும் அதன் ஒளி, கம்பளை இராசதானி நிலவிய காலத்தை, இப்னு பதூதா இலங்கைக்கு வந்த 14ஆம் நூற்றாண்டை அண்டிய காலத்தில் புறப்பட்டதாக இருக்கலாம்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் அதன் ஒளி வழமையின் பாதிக்கும் கீழே குறைந்தது. அது வெடித்துச் சிதறப்போகின்றது என்ற செய்திகளும் பரவின. வெறுங்கண்ணால் அறியக்கூடியது 'மங்கிவிட்டது' என்பது மாத்திரமே. ஏன் மங்கியது என்பதை அறிய ஏனைய அலைநீளங்களின் உதவி தேவைப்பட்டது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2019 செப்டெம்பர் முதல் நவம்பர் வரை கழியூதாவில் எடுத்திருந்த அளவீடுகளில், சூடான, அடர்த்தியான பொருள் விண்மீனின் வளிமண்டலத்தினூடாக வெளிநோக்கி நகர்ந்தமை பதிவாகியிருந்தது. அப்பொருள் வெளியே சென்று குளிர்ந்து தூசியாக மாறி ஒளியை மறைத்தது என்ற விளக்கம் அதிலிருந்து எழுந்தது.

விந்தையான சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஜப்பானின் ஹிமவாரி 8 என்பது முகில்களைப் படமெடுக்கும் வானிலைச் செய்மதி. பூமியைப் படமெடுக்கும்போது அதன் விளிம்பில் சில வேளைகளில் திருவாதிரையும் பதிவாகியிருந்தது. கட்புல ஒளி முதல் செங்கீழ்க் கதிர் வரை 16 அலைவரிசைகளில், 2017 முதல் 2021 வரையான பதிவுகளைத் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேகரித்து ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். விண்மீனின் வெப்பநிலை குறைந்தமையும் தூசி பெருகியமையும் ஏறத்தாழச் சம அளவில் அம்மங்கலுக்குக் காரணமாயின என்பதே அவர்களது முடிவாகும். மழை வருமா என்று பார்ப்பதற்காக அனுப்பப்பட்ட செய்மதி, ஒரு விண்மீனின் நோயைக் கண்டறிய உதவியது.

ஓர் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, நாடி பிடித்து, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, இரத்தம் பரிசோதித்துப் பின்னரே முடிவுக்கு வருகின்றார். வானியலாளர்கள் பல அலைநீளங்களை நாடுவதும் அவ்வாறே.

ஆயினும் இதற்குப் பெரும் தடையாக இருப்பது, நாம் உயிர் வாழக் காரணமான வளிமண்டலமே. அது கட்புல ஒளிக்கும் வானொலி அலைகளுக்கும் வழிவிடுகின்றது. செங்கீழ்க் கதிரில் சிறு பகுதிக்கு இடமளிக்கின்றது. கழியூதாவின் பெரும் பகுதியையும் எக்ஸ், காமாக் கதிர்களையும் தடுத்துவிடுகின்றது. அவற்றைக் காண வளிமண்டலத்துக்கு மேலே செல்லவேண்டும். 1962ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ஏவப்பட்ட சிறு ரொக்கெற் ஒன்று, சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வரும் எக்ஸ் கதிரை முதன்முதலாகப் பதிவுசெய்தது. இன்று அத்துறையின் முதன்மைக் கருவியாக விளங்குவது 1999 ஜூலை 23ஆம் திகதி ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. இந்தியா 2015 செப்டெம்பர் 28ஆம் திகதி ஏவிய 'அஸ்ட்ரோசாட்' செய்மதி, ஒரே பொருளைக் கழியூதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே வேளையில் நோக்க வல்லது.

2021 டிசம்பர் 25ஆம் திகதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செங்கீழ்க் கதிருக்கானது. தானே வெப்பத்தை வெளியிட்டால் தன் கண்ணையே கூசச் செய்துவிடும் என்பதால், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், சூரிய ஒளியைத் திரையால் மறைத்து, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் குளிரில் அது இயங்குகின்றது. கட்புல ஒளி ஊடுருவ முடியாத தூசி முகில்களுக்குள் விண்மீன்கள் பிறப்பதை அதனால் காண முடிகின்றது.

இத்தகைய படங்களில் காணும் நிறங்கள் குறித்துச் சிலர் ஐயம் எழுப்புவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு நிறம் ஏது? அந்நிறங்கள் ஆய்வாளர்கள் ஒரு முறைப்படி இட்டவை என்பது உண்மையே. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்பது பொதுவான வழக்கம். நிலப்படத்தில் மலைக்குக் கபில நிறமும் தாழ்நிலத்துக்குப் பச்சையும் தீட்டுவது போன்றது இது. நிறம் நாம் இட்டது. மலை நாம் இட்டதன்று.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் பெரும் பணத்தால் நிகழ்பவை, நமக்கு இதில் என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடையாக நீலகிரி மலையில் உள்ள ஒரு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது.

நீலகிரி நமக்கு அந்நியமான இடமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுள் பல, 1968இல் அங்கு தொடங்கப்பட்ட அரச தேயிலைத் திட்டத்தின் கீழ் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறின. கண்டிப் பகுதித் தோட்டங்களில் இன்றும் நீலகிரியில் உறவினர் உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த மக்கள் அங்கு தேயிலை நாட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உலகின் பெரிய வானொலித் தொலைநோக்கிகளில் ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

அதனை வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பினார். 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட, நீளவாக்கில் பிளந்த குழாய் போன்ற அக்கருவி 1970இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிரதிபலிப்புப் பரப்பு தகட்டால் ஆனதன்று. நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட 1,100 மெல்லிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளே அப்பரப்பு. அது பிடிக்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்ரிமீற்றர் என்பதால், கம்பிகளுக்கு இடையேயான சிறு இடைவெளிகள் அந்த அலைக்குப் பொருட்டல்ல. கொசு வலை கொசுவைத் தடுக்கத் துணி போல நெருக்கமாக இருக்கத் தேவையில்லை அல்லவா?

அதைவிட நுட்பமானது இடத் தெரிவு. விண்பொருள் ஒன்றைத் தொடர்ந்து நோக்க, கருவியின் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். ஊட்டி வடக்கே ஏறத்தாழ 11 பாகை அகலக்கோட்டில் உள்ளது. சமதரையில் அமைத்தால் 530 மீற்றர் நீளமான கருவியின் ஒரு முனையை ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்கவேண்டியிருக்கும். ஸ்வரூப் குழுவினர் வடக்குத் தெற்காக 11 பாகை இயற்கைச் சரிவு கொண்ட மலையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மீதே கருவியைக் கிடத்தினர். மலையே தாங்கியாக அமைந்தது. அதன் பின்னர் கருவியை அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு பொருளை ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேலாகத் தொடரலாம். கண்டியின் அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகை. கெலிஓயாவைச் சூழ்ந்த மலைகளில் 7 பாகைச் சரிவுக்குப் பஞ்சமில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் 92 சென்ரிமீற்றர் நீளமான அலையில் அத்துணைப் பெரிய கருவிக்கும் பார்வை மங்கலாகவே இருக்கும். இங்குதான் சந்திரன் துணைக்கு வந்தது. சந்திரன் வானில் நகரும்போது தொலைவிலுள்ள வானொலி மூலங்களை ஒவ்வொன்றாக மறைத்துச் செல்கின்றது. அதன் பாதை மிகத் துல்லியமாக அறியப்பட்டது. எனவே சமிக்ஞை எந்தக் கணத்தில் மறைந்து எந்தக் கணத்தில் மீள்கின்றது என்பதிலிருந்து அம்மூலத்தின் இடத்தையும், எவ்வாறு மறைகின்றது என்பதிலிருந்து அதன் பருமனையும் கணிக்கலாம். மாதந்தோறும் பிறை பார்க்க வானை நோக்கும் நமது வாசகர்களுக்கு, சந்திரனின் நகர்வைக் கணக்கிடுவதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. இம்முறையில் ஊட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் அளக்கப்பட்டன. மங்கலான, அதாவது தொலைவிலுள்ள மூலங்கள் சராசரியாகச் சிறியனவாகத் தோன்றின என்ற அவ்வளவீடு, பிரபஞ்சம் என்றும் மாறாதது என்ற கொள்கைக்கு எதிராகவும், அது ஒரு தொடக்கத்திலிருந்து மாறி வருவது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்குச் சார்பாகவும் 1975இல் முன்வைக்கப்பட்டது. கம்பியும் மலைச்சரிவும் சந்திரனும் கொண்டு, பிரபஞ்சத்தின் வரலாறு பற்றிய விவாதத்தில் ஒரு வறிய நாடு தன் குரலைப் பதித்தது. 2020இல் மறைந்த ஸ்வரூப், பின்னர் பூனே அருகே கொடாட் என்ற இடத்தில் ஒவ்வொன்றும் 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகள் கொண்ட பெரும் வானொலித் தொலைநோக்கியையும் அதே சிக்கன முறையில் உருவாக்கினார்.

நமது நாட்டின் நிலைமை யாது? மொரட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996இல் நிறுவப்பட்டது. அது கட்புல ஒளிக்கானது. கொழும்பு மாநகரின் வெளிச்சத்துக்கு அருகே அமைந்திருப்பது அதன் குறைபாடு. ஏனைய அலைநீளங்களில் நமக்கெனக் கருவிகள் வேண்டும் என்று, பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளும் நாடொன்றில் வற்புறுத்துவது நியாயமாகாது. ஆனால் இன்று பெரும் செலவின்றியே செய்யக்கூடியவை உள்ளன.

முதலாவது, ஹபிள், சந்திரா போன்ற தொலைநோக்கிகளின் பழைய பதிவுகள் எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடியனவாக இணையத்தில் உள்ளன. கெலிஓயாவிலுள்ள மாணவர் ஒருவர், ஒரு விண்மீன் கூட்டத்தைக் கட்புல ஒளியிலும் எக்ஸ் கதிரிலும் ஒப்பிட்டு நோக்கலாம். அதற்குத் தடையாக இருப்பது பணம் அன்று. அதனைத் தமிழில் விளக்க ஆசிரியரும் நூலும் இல்லாமையே. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில், குறிப்பாக மலையகத்தில், உயர்தர பௌதிகவியல் ஆசிரியர் பற்றாக்குறை பற்றி நீண்ட காலமாகவே பேசப்பட்டு வருகின்றது. அதனால் விஞ்ஞானப் பிரிவையே கைவிட்டுக் கலைப்பிரிவுக்குச் செல்லும் பிள்ளைகள் எத்தனையோ. இக்கட்டுரையாளரும் கலைப் பட்டதாரிதான். கலையைக் குறைகூறுவதற்கல்ல, விரும்பித் தெரிவதும் வேறு வழியின்றித் தெரிவதும் ஒன்றல்ல என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம். பேராதனைப் பல்கலைக்கழகம் நமக்கு மிக அருகில் இருக்கின்றது. அங்கு பயிலும் நமது பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் அயல் பாடசாலைகளுக்குச் சென்று இவற்றை விளக்கினாலே பெரும் பயன் விளையும். பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் ஆலய அறங்காவலர் சபைகளும் அதற்கு இடமும் ஆதரவும் வழங்கலாம்.

இரண்டாவது, வானம் ஒரு பொதுச் சொத்து என்ற உணர்வு. மேல்நோக்கி வீணாகச் சிந்தும் வீதி விளக்குகளின் வெளிச்சம் விண்மீன்களை மறைக்கின்றது. விளக்கின் முகத்தை நிலத்தை நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிஞ்சும், வானமும் தெரியும். வானொலி அலைகளிலும் இதே சிக்கல் உண்டு. இணைய சேவைக்காக ஆயிரக்கணக்கில் ஏவப்படும் செய்மதிகள், தமக்கு ஒதுக்கப்படாத மீடிறன்களிலும் கசிவை ஏற்படுத்துவதை ஐரோப்பிய வானொலி வானியலாளர்கள் 2023இல் அளந்து வெளியிட்டனர். இணையம் தோட்டப்புற மாணவருக்கும் தேவையே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு யன்னலைத் திறக்கும்போது மற்றொன்றை அடைத்துவிடாதிருக்க விதிகள் வேண்டும்.

2022 மே 12ஆம் திகதி, நமது பால்வீதியின் மையத்திலுள்ள கருந்துளையின் முதலாவது படம் வெளியிடப்பட்டது. தூசி மறைப்பதால் கட்புல ஒளியில் ஒருபோதும் காண முடியாத அம்மையத்தை, 1.3 மில்லிமீற்றர் அலைநீளத்தில், உலகின் பல பாகங்களிலுள்ள தொலைநோக்கிகளை இணைத்துப் பதிவுசெய்தனர். அன்றுதான் இலங்கையில் புதிய பிரதமர் பதவியேற்றார். நமது கவனம் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் இருந்தது. அதில் தவறில்லை, பசித்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனினும் அந்த இருண்ட நாட்களில் முற்றத்தில் நின்று கேள்வி கேட்ட சிறுவனுக்கு நாம் விடை கடன்பட்டிருக்கின்றோம். மின்சாரம் திரும்பி வந்துவிட்டது; விண்மீன்கள் மீண்டும் மறைந்துவிட்டன. அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன என்பதையும், நாம் காணாதவை அவற்றிலும் பன்மடங்கு இருக்கின்றன என்பதையும் அவனது மொழியிலேயே அவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது.